ஐப்பசி மழைக்கு முன் மாடித்தோட்டத்தில் முடிக்க வேண்டிய வேலைகள்

‘‘மொட்டை மாடியில் கத்திரி, தக்காளி, மிளகாய் வளர்த்து வருகிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழையில் செடிகள் வாடிச் செத்துவிடுகின்றன. மழைக்கு முன்பே என்னென்ன வேலைகள் செய்ய வேண்டும்?’’

- வாசகி, மயிலாப்பூர், சென்னை.

குளிர் நாடுகளில் இந்தப் பருவத்தில் உறைபனியிலிருந்து செடிகளைக் காப்பதுதான் முக்கிய வேலை. சென்னையில் உறைபனி கிடையாது. இங்கே செடியைக் கொல்வது தேங்கும் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. எனவே, புரட்டாசி முடிவதற்குள் கீழ்க்கண்ட வேலைகளை முடித்துவிட வேண்டும்.

செடி ஏன் வாடுகிறது?

மண்ணில் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகும், இலை தொங்கும். அதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று பலரும் மேலும் ஊற்றிவிடுகிறார்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம்.

முதல் வேலை, மாடியின் வடிகால்

மழைநீர்க் குழாயின் வாயில் கிடக்கும் சருகு, மண், தென்னை நார்த் துகள்களை அகற்றுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அதன் எடை 100 கிலோ. அடைபட்ட குழாய் செடியை மட்டுமல்ல, வீட்டையே பாதிக்கும். பழைய கட்டடம் என்றால் கூடுதல் கவனம் தேவை.

தொட்டியும் மண்ணும்

தொட்டிகளைச் செங்கல் மீது தூக்கி வையுங்கள். அடித் துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். அடியில் உள்ள தட்டுகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதில் கொசு முட்டையிடும். கோடையில் தண்ணீர் ஊற்றுவதற்காகத் தொட்டியின் மேல்பகுதியில் விட்ட இடைவெளியை இப்போது மண் கலவையால் நிரப்பி, தண்டைச் சுற்றி மேடாக அணையுங்கள். தென்னை நார்க் கழிவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், மழைக்காலக் கலவையில் அதைக் குறைத்து மணலைக் கூட்டலாம்.

வேர் அழுகலைத் தடுக்க, 10 கிலோ மக்கிய தொழுவுரத்தில் 100 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, செடிக்கு ஒரு கைப்பிடி போடுங்கள். அடைமழை நாள்களில் உரம் வைக்க வேண்டாம், கரைந்து ஓடிவிடும்.

காற்றுக்கு முன்

2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளில் கைப்பிடிச் சுவர் மீது தொட்டி வைக்கவே கூடாது. முருங்கைக் கிளை எளிதில் முறியும்; முன்பே கவாத்து செய்யுங்கள். பந்தல் கால்களை இறுக்கிக் கட்டுங்கள்.

எதை விதைக்கலாம்?

கீரை விதையை இப்போது திறந்தவெளியில் தூவினால் மழை அடித்துச் சென்றுவிடும். கத்திரி, தக்காளி, மிளகாய் விதைகளைக் கூரைக்கு அடியில் வெளிச்சம் படும் இடத்தில், குழித்தட்டில் ஐப்பசிக் கடைசியில் விதையுங்கள். கார்த்திகைக் கடைசியில், மழை ஓய்ந்த இடைவெளி பார்த்து நடலாம். ஈரத்தை விரும்பும் பொன்னாங்கண்ணி, வல்லாரை இரண்டையும் இந்தப் பருவத்திலேயே நட்டுவிடலாம்.

கிராமத்தில் கொல்லைப்புறத்தில் காய்கறி போடுபவர்களுக்கும் இதே கணக்குதான். தொட்டிக்குத் துளை என்றால், தோட்டத்துக்கு மேட்டுப்பாத்தியும் வடிகால் வாய்க்காலும். மழை தொடங்கிய பிறகு மண்வெட்டியை எடுத்தால், சேறுதான் மிஞ்சும்.