கடிகாரத்தை லினக்ஸ் கிட்ட விட்டுடுங்க, ஆனா மரியாதையா!

"கம்ப்யூட்டர்ல மணி கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா குடியா முழுகிடும்?" லினக்ஸ் நண்பர்கள் நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. முழுகும் மக்களே!

மதர்போர்டுல இருக்கிற காசு சைஸ் பேட்டரி தீர்ந்தா, கடிகாரம் பல வருஷம் பின்னாடி போயிடலாம். அப்புறம் பாதுகாப்பான இணையதளம் எதுவும் திறக்காது. 'சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரலை'ன்னு பிரவுசர் அடம்பிடிக்கும். பேட்டரி நல்லா இருந்தாலும், சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு விநாடி விலகுறது சகஜம்.

இதுக்கு மருந்துதான் என்டிபி. டேவிட் மில்ஸ் உருவாக்கியது, 1985-ல் விதிமுறையாக வெளிவந்தது. கேள்வி கிளம்பின நேரம், சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பின நேரம், திரும்பி வந்த நேரம். இந்த நாலையும் வச்சு வழியில ஆன தாமதத்தைக் கணக்குப் போட்டுக் கழிச்சிடும். எளிமையான யோசனை, என்ன வேலை செய்யுது பாருங்க!

இதுவரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை. என் சண்டை எங்கேன்னா, 'என்டிபிடேட்'டை கிரான்ல போட்டு மணிக்கொரு தடவை ஓட விடுங்கன்னு சொல்ற பழைய வைத்தியத்தோடதான். இதுல ரெண்டு கோளாறு. ஒண்ணு, நேரம் திடீர்னு குதிக்கலாம். பின்னாடி குதிச்சா லாக் ஃபைல்ல பிள்ளை முதல்ல, அப்பன் அப்புறம்னு ஆயிடும். ரெண்டு, எல்லாரும் சரியா மணியடிக்கும்போது ஒரே நேரத்துல போய்க் கதவைத் தட்டுவோம்.

யார் கதவை? 2003-ல் தொடங்கின என்டிபி பூல்ல இருக்கிற சர்வர்கள் தன்னார்வலர்கள் தர்றது. தண்ணீர்ப் பந்தல் மாதிரி. அதே 2003-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு நடந்தது தெரியுமா? நெட்கியர் தன் சில ரௌட்டர்கள்ல அந்தப் பல்கலைக்கழக சர்வரோட முகவரியை நிரந்தரமா எழுதி வச்சிருந்தது. பதில் வரலைன்னா விநாடிக்கு ஒரு தடவை கேட்கும். உச்சத்துல விநாடிக்கு 2,50,000-க்கு மேல பாக்கெட்டுகள் கொட்டின. பந்தல் வச்சவர் வீட்டையே இடிச்ச கதை!

அதனால, குரோனி இல்லன்னா சிஸ்டம்டியோட டைம்சிங்க்டி, ரெண்டுல ஒண்ணை ஓட விட்டாப் போதும். எப்போ கேட்கணும்னு அதுவே முடிவு பண்ணும். கடிகாரம் நிதானத்துக்கு வந்துட்டா கேட்கிற இடைவெளியையும் கூட்டிக்கும். 'டைம்டேட்சிடிஎல்'னு அடிச்சா ஒத்திசைவு ஆகியிருக்கான்னு காட்டிடும். ஆபீஸ்ல அம்பது மெஷின் இருந்தா, ஒண்ணே ஒண்ணு வெளியே கேட்கட்டும், மத்தது அதுகிட்ட கேட்கட்டும்.

ஒரு கொசுறு: விண்டோசும் லினக்சும் ஒரே மெஷின்ல இருந்து நேரம் அஞ்சரை மணி குதிச்சா, என்டிபியைத் திட்டாதீங்க. மதர்போர்டு கடிகாரத்துல இருக்கிறது உள்ளூர் நேரம்னு விண்டோஸ் நினைக்கும், லினக்ஸ் அதை யுடிசின்னு எடுத்துக்கும். பஞ்சாயத்து அவங்க ரெண்டு பேருக்கும்தான் :-)

நிலையான ஐபியும் எப்பவும் ஓடுற சர்வரும் வச்சிருக்கிறவங்க, அதையும் பூல்ல சேர்த்து விடுங்களேன். தாகத்துக்குக் குடிச்ச பந்தலுக்கு ஒரு குடம் நாமும் ஊத்தலாமே?