பட்டியல் சுருங்கினால் பசி சுருங்குமா?

உழைத்துண்பதே உயர்வு என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. கையேந்தி வாழும் வாழ்வை எந்த மாந்தனும் விரும்பித் தேர்வதில்லை. ஆனால், ‘உழைத்தால்தான் உதவி’ என்று ஓர் அரசு சட்டஞ் செய்யுங்கால், அச்சட்டம் ஏழையை உழைப்பின்பால் உய்க்கின்றதா, அன்றி உதவியினின்று துரத்துகின்றதா என்பதே எண்ணிப் பார்த்தற்குரியது. இவ்விரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. அமெரிக்க நாட்டின் ஏறத்தாழ முப்பதாண்டுப் பட்டறிவே இதற்குத் தக்க சான்றாகும்.

1935ஆம் ஆண்டிலிருந்து அந்நாட்டரசு, துணையற்ற தாய்மார் தம் குழந்தைகளை வளர்த்தற்கெனப் பணவுதவி அளித்து வந்தது. 1994இல் ஏறத்தாழ 50 இலக்கம் குடும்பங்கள் அதனைப் பெற்றன. இவ்வுதவி மக்களைச் சோம்பராக்குகின்றது என்னும் குரல் நாளடைவில் வலுத்தது. 1996 ஆகசுட்டு 22ஆம் நாள், குடியரசுத் தலைவர் கிளிண்டன் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். உதவி பெறுவோர் ஈராண்டுக்குள் வேலையில் ஈடுபடல் வேண்டும். நடுவணரசுப் பணத்தைப் பொதுவாக வாழ்நாளில் 5 ஆண்டுக்குமேற் பெறலாகாது. மாநிலங்கட்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,650 கோடி தாலர் மொத்தத் தொகையாக வழங்கப்படும் என்பன அதன் உள்ளீடுகள். இதனை ஏற்கவொண்ணாத நலத்துறை உயரலுவலர் பீட்டர் எடல்மேன் தம் பணியையே துறந்தார்.

நன்மையே விளையவில்லை என்பது பொய்யுரையாகும். சில ஆண்டுகளிலேயே உதவி பெறுவோர் பட்டியல் பாதிக்கும் கீழாகச் சுருங்கிற்று. தனித்து வாழும் தாய்மாருள் வேலைக்குச் செல்வோர் தொகை பெரிதும் உயர்ந்தது. குழந்தைகளின் வறுமையும் ஓரளவு தணிந்தது. தம் கையால் ஈட்டிய கூலியைத் தம் பிள்ளைக்குச் செலவிடும் தாயின் பெருமிதம் சிறிதன்று. எனினும், முழுப்புகழும் சட்டத்தையே சாராது. அக்காலத்தில் அந்நாட்டுப் பொருளியல் செழித்திருந்தது, வேலைகள் பெருகின. குறைந்த கூலி பெறுவோர்க்கு அரசு தரும் வரிச்சலுகையும் 1993இல் உயர்த்தப்பெற்றிருந்தது. மழை பெய்த ஆண்டில் விளைந்த விளைவுக்கு ஏர் ஒன்றே கரணியம் என்று எவரேனும் கூறுவரா?

இனி, இழப்பினையும் எண்ணுதல் வேண்டும். வேலைக்குச் செல்வதற்கே செலவுண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஊர்திக்குக் காசு வேண்டும். கூலியோ குறைவு, வேலையோ நிலையற்றது. மாநிலங்கட்குரிய மொத்தத் தொகையும் விலையேற்றத்திற்கேற்ப உயர்த்தப்பெறாமல், தன் மதிப்பிற் பெரும்பகுதியை இழந்தது. 1996இல் குழந்தைகளையுடைய ஏழைக் குடும்பங்கள் 100இல் 68 இவ்வுதவியைப் பெற்றன. 2020இலோ 21 மட்டுமே பெற்றன. எஞ்சியோர் வறுமையினின்று நீங்கினரல்லர், அவர்களும் ஏழையரே. பட்டியலினின்றுதான் அவர்கள் நீங்கினர்!

அங்ஙனமாயின் வேலைத்திட்டமே வீணோ? அன்று. கலிபோர்னியாவின் இரிவர்சைடு மாவட்டம், கிடைத்த வேலையில் விரைந்து சேர்க என வற்புறுத்தி, மக்கள் வருவாயையும் உயர்த்தியது. அரசுக்கும் மிச்சம் தேடித் தந்தது. போர்ட்லாந்து நகரமோ, குறும்பயிற்சியும் தந்து, நல்ல கூலியுள்ள வேலைக்குக் காத்திருக்கவும் ஊக்கி, நற்பயன் கண்டது. மின்னசோட்டா மாநிலம் 1994 முதல், வேலைக்குச் சென்ற பின்னரும் உதவியின் ஒரு பகுதியை விட்டுவைத்தது. அங்கு நெடுங்காலம் உதவி பெற்று வந்தோரிடை வேலையும் உயர்ந்தது, வறுமையும் குறைந்தது. ஆனால், அதற்கு அரசு கூடுதலாகச் செலவிட வேண்டியிருந்தது. வறுமையும் குறைய வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்பார் இவ்வுண்மையை உற்று நோக்குக.

மாறாக, 2018இல் ஆர்க்கன்சா மாநிலம், ஏழையர் மருத்துவ உதவிக்கு மாதம் 80 மணிநேர வேலையைக் கட்டளையாக்கியது. சில மாதங்களுக்குள் 18,000க்கும் மேற்பட்டோர் உதவியை இழந்தனர்; வேலையோ உயரவில்லை. அக்கட்டளைக்கு உட்பட்டோருட் பெரும்பாலோர் முன்னரே வேலை செய்தவர் அல்லது விலக்குப் பெறத்தக்கவர். உழைப்பில்லாமையால் அன்று, உழைப்பைப் பதிந்து காட்ட இயலாமையாற் பலர் வீழ்ந்தனர்! 2019 மார்ச்சில் முறைமன்றம் அதனைத் தடுத்தது. இருந்தும், 2025 சூலையில் நிறைவேறிய நடுவணரசுச் சட்டம், அதே 80 மணிநேரக் கட்டளையை 2027 முதல் நாடளாவிய அளவில் கொணரப் பணித்துள்ளது. சுட்ட நெருப்பிலேயே மீண்டும் கைவைப்பது அறிவுடைமையாகுமா?

ஆகவே, கடமை ஒருபாற்பட்டதாயிருத்தல் கூடாது. ஏழை உழைக்கக் கடமைப்பட்டவனாயின், உழைத்துப் பிழைக்கத்தக்க வேலையையும், பயிற்சியையும், பிள்ளைக் காப்பையும் தர அரசு கடமைப்பட்டதாகும். முன்னதை மட்டும் சட்டமாக்கிப் பின்னதை மறப்பது சிக்கனமன்று. வலியோர் மெலியோர்மேற் சுமத்தும் சுமையே! எத்துணைப் பெயர்கள் அடிக்கப்பட்டன என்று எண்ணுதல் எளிது. எத்துணைக் குடும்பங்கள் நிமிர்ந்தன என்று எண்ணுவதே அரசுக்கு அழகு.