பெயரை நறுக்கிவிட்டுப் பகிர்வது

பாரதியின் நினைவு நாளான செப்டம்பர் 11-லும், பாரதிதாசனின் பிறந்த நாளான ஏப்ரல் 29-லும் புதுச்சேரியின் வாட்ஸ்அப் குழுக்கள் கவிதைப் படங்களால் நிறைந்துவிடுகின்றன. நான்கு வரிக் கவிதை, பின்னால் ஓர் ஓவியம். வழக்கம் நல்லதே. பாரதியின் 'இந்தியா' வார இதழ் 1908-ல் இவ்வூருக்கு இடம்பெயர்ந்து வெளிவந்தபோது அதன் முகப்பில் கருத்துப்படங்கள் இருந்தன. சொல்லையும் சித்திரத்தையும் சேர்த்து மக்களிடம் கொண்டுபோவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

ஆனால் வரும் படங்களைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பாரதி எழுதாத வரிகளுக்குக் கீழே பாரதியின் பெயர் இருக்கிறது. இன்று நம்மிடையே வாழும் கவிஞரின் வரிகளுக்குக் கீழே எந்தப் பெயரும் இல்லை. ஓவியத்தின் மூலையில் இருந்த கையொப்பம் நறுக்கப்பட்டு, அங்கே பகிர்ந்தவரின் முத்திரை ஏறியிருக்கிறது.

தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக நாம் அனைவரும் அறிந்த அந்தப் பாரதி ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். அதைத் தீட்டியவர் ஆர்யா என்ற பாஷ்யம். 1932 ஜனவரியில் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்ட விடுதலை வீரர். அவர் வரைந்த முகத்தை ஒவ்வோர் ஆண்டும் பகிர்கிறோம். அவர் பெயரைப் பகிர்வதில்லை.

பாரதியின் பாடல்கள் எல்லாருக்கும் உரியவை என்பது உண்மை. ஆனால் அந்த நிலை எளிதில் வரவில்லை. 1948-ல் 'பில்ஹணன்' படத்தில் அவர் பாடலைச் சேர்த்ததற்காக டி.கே.எஸ். சகோதரர்கள் மீது, அப்பாடல்களின் இசை உரிமையை வைத்திருந்த ஏவி.எம். பட நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அதைத் தொடர்ந்து எழுந்த மக்கள் கோரிக்கைக்கு இணங்கி 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றது. அன்று போராடியவர்கள் கேட்டது பாரதியின் பாட்டைத் தடையின்றிப் பாடும் உரிமை. எவர் எழுதியதையும் பாரதியின் பெயரில் ஏற்றும் உரிமையை யாரும் கேட்கவில்லை.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவில், படைப்பு கைமாறிய பிறகும் அதைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமையைப் படைத்தவருக்கே விட்டுவைக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நம் தீர்ப்பு இதுவே: பெயரை நீக்கிப் பகிர்வது களவு, பொய்ப் பெயரிட்டுப் பகிர்வது மோசடி. 'தெரியாமல் அனுப்பிவிட்டேன்' என்ற சமாதானம் ஒருமுறைக்குப் பொருந்தலாம். தொழில்முறையாகப் பக்கம் நடத்துவோருக்கும், விழா மலர் அச்சிடுவோருக்கும், கட்சிப் பதாகை வைப்போருக்கும் அது ஒருபோதும் பொருந்தாது. தவறான வரியைப் பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கும் குழந்தைக்கு அந்தப் பாரதியே பாரதி என்று பதிந்துவிடுகிறது.

இது செய்ய முடியாத காரியமல்ல. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்தால், தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊதியமின்றி உழைத்தவர்களுக்கே அந்த மரியாதை உண்டென்றால், கவிஞருக்கும் ஓவியருக்கும் ஏன் கூடாது?

ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் பாரதி இல்லமும், பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் இல்லமும் அரசின் பொறுப்பில் உள்ளன. இருவரின் கவிதைகளையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, எந்த நூல், எந்த ஆண்டு என்ற குறிப்புடன், யாரும் எடுத்துப் பகிரும்படி கலை பண்பாட்டுத் துறை இணையத்தில் இலவசமாக வைக்க வேண்டும். பள்ளிகளின் கவிதை ஓவியப் போட்டிகளில் கவிஞர் பெயரும் வரைந்த மாணவர் பெயரும் படத்திலேயே எழுதப்பட வேண்டும். தவறான படத்தை அனுப்பியவர், திருத்தத்தையும் அதே குழுவில் அனுப்பட்டும்.