பதினாறு பேரில் பன்னிரண்டு!

இன்டர்னல் எல்லாம் முடிஞ்சுதா? ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கியாச்சா? இல்லேன்னாலும் பரவாயில்லை, அதை ஒரு பத்து நிமிஷம் ஓரமா வெச்சுட்டு இதைப் படிங்க.

இந்த வாரம் எடிட்டர் அண்ணன் எனக்குக் கொடுத்த தலைப்பு சியர்லீடிங். கேட்டதும் சிரிச்சுட்டேன். எனக்கு ஊர் பாபநாசம் பக்கம். உடனே 'கமல் படத்துல வருமே, அதுவா?' என்பீர்கள். இல்லைங்க. 2015இல் வந்த அந்தப் படத்து பாபநாசம் திருநெல்வேலிச் சீமை. எங்களுடையது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கும் நெல்லு பாபநாசம். நாயக்கர் காலத்தில் கட்டிய, 3,000 கலம் நெல் பிடிக்கிற களஞ்சியம் இன்னும் எங்க ஊரில் நிற்கிறது. அந்த ஊர்க்காரிக்கு சியர்லீடிங் என்றால், 2008இல் ஐ.பி.எல். கூடவே வந்து, சிக்ஸர் போனால் பவுண்டரி ஓரம் ஆடுவார்களே, அதுதான் தெரியும்.

தேடிப் படித்தால் விஷயம் வேறு. அமெரிக்காவில் அது தனி விளையாட்டு. ஒருத்தியைத் தோளுக்கு மேல் தூக்கி வீசிப் பிடிப்பது, கோபுரம் கட்டுவது, வரிசையாகக் குட்டிக்கரணம் அடிப்பது என்று இரண்டரை நிமிஷம் உயிரைக் கொடுக்கிறார்கள். நடுவர்கள் மார்க் போடுகிறார்கள். 2021இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே அதன் உலக சங்கத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதெல்லாம் இல்லை. அங்கே மேடையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்து ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அணிகளைப் பிரிக்கிறார்களாம். அது பெரிய விஷயமில்லை. அதற்கு மேல் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள்: 'உங்க ஜிம்மில் மொத்தம் எத்தனை பேர் பயிற்சி எடுக்கறீங்க?' 125 பேருக்கு மேல் இல்லாத ஜிம் என்றால் அதற்குத் தனிப் பிரிவு. மேடையில் இரண்டு பக்கமும் இருபது பேர்தான். ஆனால் அறுபது பேரில் பொறுக்கிய இருபதும், அறுநூறு பேரில் பொறுக்கிய இருபதும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு 2018 ஞாபகம் வந்துடுச்சு.

அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை மொத்தமே தொண்ணூற்றுச் சொச்சம் பிள்ளைகள். ஆறு, ஏழு, எட்டு மூன்றிலும் சேர்த்துப் பெண்கள் பதினாறு பேர். குறுவட்டப் போட்டிக்கு கோ-கோ அணி அனுப்பணும். கோ-கோவுக்குப் பன்னிரண்டு பேர் வேணும். ஒன்பது பேர் ஆட, மூன்று பேர் மாற்று. பதினாறில் ஒருத்திக்கு வீசிங். இரண்டு பேர் வயசுக்கு வந்ததிலிருந்து வீட்டில் மைதானம் பக்கமே விடவில்லை. ஒருத்தியின் அம்மா நடவுக்குப் போயிருந்தார், தம்பிப் பாப்பாவை அவள்தான் பார்த்துக்கணும். மிச்சம்? சரியாகப் பன்னிரண்டு. எங்கள் அணிக்குத் தேர்வுன்னு ஒண்ணு நடக்கவே இல்லை. வராதவர்கள் போக வந்தவர்கள்தான் அணி!

கோச் யாரு? கணக்கு டீச்சர். ஏன் கணக்கு டீச்சர் என்றால், அதற்கு ஒரு சட்டக் கதை இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு, பள்ளியில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி எல்லாம் சேர்த்து. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. நூறைத் தொடாத எங்கள் பள்ளிக்கு அந்த அரைநாளும் கிடையாது. அதே அட்டவணையில் 'விளையாட்டு மைதானம்' என்றும் ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு பெரிய மைதானம் என்று மட்டும் சொல்லவில்லை!

இந்த அளவு விஷயம்தான் எங்களைக் கவிழ்த்தது. கோ-கோ கோர்ட் 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். எங்கள் பள்ளி வாசலில் கொடிக்கம்பத்திலிருந்து சத்துணவுக்கூடச் சுவர் வரைக்கும் பதினெட்டு மீட்டர் வந்தால் அதிகம். எட்டு கட்டம் போட இடமில்லை என்று ஆறு கட்டம் போட்டு, ஆறு பேரை உட்கார வைத்துப் பழகினோம். ஒரு போஸ்ட் கொடிக்கம்பம், இன்னொரு போஸ்ட்டுக்கு சவுக்குக் கழி. சுவர் பக்கம் போஸ்ட்டைச் சுற்றும்போது தோள் உரசும், அதனால் அங்கே எல்லாரும் வேகத்தைக் குறைத்துக்கொள்வோம். அது பழக்கமாகவே ஆகிவிட்டது.

போட்டியன்று முழு கோர்ட்டில் இறங்கினால், ஏதோ அடுத்த ஊருக்கே ஓடச் சொன்ன மாதிரி இருந்தது. இரண்டு எட்டில் தொட்டுவிடலாம் என்று கை நீட்டினால் ரன்னர் ஒரு முழம் தள்ளிப் போகிறாள். 'கோ' கொடுக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை, வெறும் கோடு இருக்கிறது. போஸ்ட் பக்கம் சுவரே இல்லை, இருந்தாலும் எங்கள் கால்கள் தானாகவே வேகத்தைக் குறைக்கின்றன! எதிரில் இருந்த பள்ளியின் பெயர் வேண்டாம். அவர்கள் ஆடியதில் ஒரு தப்பும் இல்லை. அங்கே ஆறு முதல் எட்டு வரை மட்டும் அறுநூறு பெண்கள் இருக்கலாம். இரண்டு உடற்கல்வி ஆசிரியர்கள், வருஷம் பூரா கோடு அழியாத கோர்ட். மூன்று மூன்று பேராக இறங்கி எங்களைச் சுத்தவிட்டார்கள். இன்னிங்ஸ் தோல்வி. வேனில் திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. எங்களில் ஒருத்தி மட்டும் 'நாம அவ்வளவு மோசமாடி?' என்றாள்.

அப்போது பதில் தெரியவில்லை. இப்போது இன்ஜினீயரிங் கணக்கு தெரியும், சொல்கிறேன். அறுநூறு பேரில் பன்னிரண்டு என்றால் நூற்றுக்கு இரண்டு பேர். பதினாறில் பன்னிரண்டு என்றால் நூற்றுக்கு எழுபத்தைந்து. அவர்கள் பாலில் ஆடையை மட்டும் எடுத்து வந்தார்கள், நாங்கள் சொம்போடு வந்தோம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நம் விளையாட்டுகளில் அளவு பார்க்கிற வழக்கம் இல்லாமல் இல்லை. கபடியில் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ என்று உச்சவரம்பு வைத்து, தராசில் ஏற்றிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். எங்கள் பக்கம் பொங்கலுக்கு ஒட்டுகிற கபடி போஸ்டரில்கூட எடைப் பிரிவு போட்டிருக்கும். குறுவட்டத்தில் வயசு பார்க்கிறார்கள், 14, 17, 19 என்று. ஆளின் எடைக்குத் தராசு இருக்கு, வயசுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கு. பள்ளிக்கூடத்தின் எடையைப் பார்க்கத்தான் யாரிடமும் தராசு இல்லை.

இதை என் ஹாஸ்டல் சீனியர் அக்காவிடம் சொன்னேன். 'போடி... சின்ன ஊர் ஜெயிக்கலையா? வடுவூர்?' என்று ஒரே போடு போட்டார். நியாயமான கேள்விதான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் இரண்டு கபடி அணிகளும் தங்கம் வாங்கின. ஆண்கள் அணியில் இருந்த அபினேஷ் மோகன்தாஸ் எங்கள் டெல்டாவின் வடுவூர்க்காரர். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. 2016இல் பாட்னா பைரேட்ஸுக்குக் கேப்டனாக இருந்து ப்ரோ கபடி கோப்பை தூக்கிய தர்மராஜ் சேரலாதனும் தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டிதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். வடுவூர் மேப்பில்தான் சின்ன ஊர். கபடியில் அது மாநகரம்! தலைமுறை தலைமுறையாக ஆடுகிற ஊர், உள்விளையாட்டரங்கமே இருக்கிற ஊர். அங்கே ஒரு பையன் ஆடத் தொடங்கினால் சுற்றி நின்று திருத்துவதற்கு மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று பத்துப் பேர் இருப்பார்கள். ஊர் சின்னதாக இருப்பது வேறு, 'ஜிம்' சின்னதாக இருப்பது வேறு.

அப்படியானால் சின்னப் பள்ளிகளுக்குத் தனிக் கோப்பை வைத்துவிடலாமா? முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. பிறகு அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கதையைப் படித்தேன். அங்கே பள்ளிக் கூடைப்பந்துக்குப் பெரிய பள்ளி, சின்னப் பள்ளி பேதமே இல்லாமல் ஒரே கோப்பை. 1954இல் மிலன் என்ற ஊர்ப் பள்ளி, மொத்தம் 161 பிள்ளைகள், ஃபைனலில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியைக் கடைசி விநாடிப் பந்தில் 32-30 என்று சாய்த்தது. 1986இல் வந்த 'ஹூசியர்ஸ்' சினிமாவுக்கு அந்தக் கதைதான் மூலம். பிறகு 1997-98 சீசனிலிருந்து பள்ளியின் அளவை வைத்து நான்கு பிரிவாகப் பிரித்துவிட்டார்கள். நான்கு கோப்பை, நான்கு சாம்பியன். சின்னப் பள்ளிகளுக்குக் கோப்பை கிடைத்தது. ஆனால் இன்னொரு மிலன் இனி வரவே முடியாது. அங்கே அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லையாம்.

எனக்கும் அந்த ஆசை உண்டு, மறைப்பானேன்? 'சின்னப் பள்ளிகளில் முதலிடம்' என்ற சான்றிதழைவிட, அந்த அறுநூறு பேர் பள்ளியை ஒரே ஒரு தடவை ஜெயிப்பதுதான் வேணும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பெரிய பள்ளியில் அறுநூறு பேர் என்றால், 588 பேர் கோர்ட்டுக்கு வெளியே. நான் அங்கே படித்திருந்தால் தண்ணி பாட்டில் தூக்கிக்கொண்டுகூடப் போயிருக்க மாட்டேன். எங்கள் பள்ளி சின்னதாக இருந்ததால்தான் நான் ஒரு போட்டியே ஆடினேன். அப்படிப் பார்த்தால் அநியாயம் யாருக்கு நடந்தது? ராத்திரி மெஸ்ஸில் இதைச் சொன்னதும் டேபிளே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நீங்களும் போடுங்கள்.

என் கட்சி இது. தனிக் கோப்பை வேண்டாம். ஆட்களைக் குறைக்கலாம், இல்லை பள்ளிகளைச் சேர்க்கலாம். டெக்சாஸில் நூற்றுச் சொச்சம் பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிகள், பதினொரு பேர் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலை ஆறு பேராக ஆடுகின்றன. 'கோ-கோவில் அப்படி எல்லாம் முடியுமா?' என்று கேட்காதீர்கள். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையே ஏழு பேர் ஆட்டம்தான். இந்தியா ஆண், பெண் இரண்டு பிரிவிலும் ஜெயித்ததே, அது! உலகக் கோப்பைக்கு ஏழு பேர் போதும், பாபநாசம் பக்கத்துக் குறுவட்டத்துக்கு ஒன்பது பேர் வேணுமா? இல்லையென்றால் பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிகள் மூன்று சேர்ந்து ஓர் அணி. வாய்க்கால் தண்ணியை முறை வைத்துப் பங்கு போடத் தெரிந்த ஊர்களுக்கு இது என்ன கஷ்டம்?

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், என் கல்லூரியிலும் அதே கதை ஓடுகிறது. நான் சிவில் மூன்றாம் வருஷம். (ஆமாம், சிவில்தான். சிரிக்காதீங்க.) 2024-25இலிருந்து தகுதியுள்ள கல்லூரிகள் ஒரு பிரிவில் இத்தனை பேர்தான் சேர்க்கலாம் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸில் செக்‌ஷன் மேல் செக்‌ஷன். எங்கள் சிவிலில் நான்கு வருஷமும் சேர்த்துப் பெண்கள் பத்தொன்பது பேர். ஸ்போர்ட்ஸ் டேக்கு டிபார்ட்மென்ட் வாரியாக கோ-கோ அணி கொடுக்கச் சொல்லி நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் எனக்கு அந்த வேன் ஞாபகம்தான் வந்தது.

இந்தத் தடவை நேராக உடற்கல்வி இயக்குநர் அறைக்குப் போய்க் கேட்டோம். மெக்கானிக்கலில் ஒன்பது பெண்கள். அவர்களும் நாங்களும் சேர்ந்து ஒரே அணி. சார் ஒரு நாள் யோசித்துவிட்டு சரி என்றார். அடுத்த நாளே கம்ப்யூட்டர் சயின்ஸிலிருந்து ஒரு புகார்: 'சார், ரெண்டு டிபார்ட்மென்ட் சேர்ந்து ஆடுறது அநியாயம்!' அங்கே பெண்கள் நானூறு பேருக்குக் குறையாது. சாருக்கே சிரிப்பு அடங்கவில்லை.

போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஜெர்ஸி எங்கள் நீலமா, மெக்கானிக்கலின் சிவப்பா என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. கணக்கு டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். வாழ்த்து சொல்வதற்கு முன்னாடி, 'கோர்ட்டை அளந்துட்டியாடி?' என்றுதான் கேட்டார். சாயங்காலமே சர்வே லேப் டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். 27 மீட்டர் வாலிபால் கோர்ட்டைத் தாண்டி, பைக் ஸ்டாண்டு வரைக்கும் போகிறது. பைக்கை எல்லாம் நகர்த்தச் சொல்லி லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.