புதியதோ, பழையதோ, குத்தகையோ?

செல்வர் ஏறும் மோட்டார் வண்டியைப் பற்றிக் கலாசாலைப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று நேயர்களிற் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், நம் கலாசாலையை விட்டுச் சென்ற வைத்தியரும், பொறியியலாளரும், வர்த்தகரும் தம் சம்பாத்தியம் சற்றே நிலைபெற்றவுடன் முதலில் நினைப்பது இன்று வீட்டையன்று, எஸ்.யூ.வி. என்று வழங்கும் உயர்ந்த பெருவண்டியையே நினைக்கின்றனர். பழைய மாணவர் கூடும் நாளில் வாயிலில் வந்து நிற்கும் வண்டிகளை நம் இளைஞர் எண்ணிப் பார்க்கின்றனர்; வண்டியின் பருமனைக்கொண்டு வந்தவரின் வெற்றியை அளக்கவும் கற்றுக்கொள்கின்றனர். இவ்வளவுகோல் சரிதானா என்பதை ஆராய்வது கலாசாலைக்குப் புறம்பான காரியமன்று. ஆதலின், இத்தகைய வண்டியைப் புதிதாக வாங்குவதா, உற்பத்தியாளரின் சான்று பெற்ற பழைய வண்டியாக வாங்குவதா, அன்றிக் குத்தகைக்கு எடுப்பதா என்னும் மூன்று வழிகளைப் பற்றி நம் அபிப்பிராயத்தை இங்கே எடுத்துரைக்கத் துணிகின்றோம்.

முதலாவது, இவ்வண்டிகள் எங்கோ கடல் கடந்து வருவன என்னும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் செங்கற்பட்டு ஜில்லாவில் சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அருகே 2007ஆம் ஆண்டில் தொழிற்சாலை திறந்து, எக்ஸ்1, எக்ஸ்3, எக்ஸ்5, எக்ஸ்7 முதலிய வண்டிகளை அங்கேயே பூட்டிச் சேர்த்து விற்கின்றனர். மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியார் பூனாவை அடுத்த சாக்கனில் அவ்வாறே செய்கின்றனர். வண்டி நம் ஊரிற் பூட்டப்படினும் அதன் விலை நம் ஊர் விலையாக இல்லை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. அவ்விலையிற் பெரும்பகுதி இரும்புக்கும் இயந்திரத்துக்கும் செல்வதன்று, வரிக்கே செல்கிறது.

இதனை ஒரு கணக்கினால் விளக்குவோம். கடை விலை 80 இலட்சம் ரூபாயுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி முதல் பெரிய வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 40. கடை விலையினுள்ளேயே இவ்வரி அடங்கியிருத்தலால், 80 இலட்சத்தில் ஏறத்தாழ 22 இலட்சத்து 86 ஆயிரம் வரியாகும். இனி நம் மாகாணத்தில் 2023ஆம் ஆண்டு நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரியின்படி, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விலையுள்ள வண்டிக்கு நூற்றுக்கு 20 செலுத்த வேண்டும். அது 16 இலட்சம். ஆகவே, காப்பீட்டுத் தொகையைச் சேர்க்காமலே, 96 இலட்சம் கொடுத்தவன் ஏறத்தாழ 39 இலட்சத்தை வரியாகக் கொடுத்து, 57 இலட்ச ரூபாய்ப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். வரி கொடுப்பதைக் குறை கூறுகிறோமில்லை. பாலமும் பாட்டையும் அதனாலன்றோ அமைகின்றன! ஆனால் கொடுத்த வரியை விற்கும் நாளில் எவரும் திருப்பித் தரமாட்டார் என்பதை வாங்கும் நாளிலேயே உணர்ந்திருத்தல் நலம்.

அடுத்தது தேய்மானம். காப்பீட்டு ஸ்தாபனங்கள் வண்டியின் மதிப்பைக் குறிப்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. வண்டிக்கு ஆறு மாதம் நிரம்புவதற்குள் நூற்றுக்கு 5, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 என்று அவ்வட்டவணை மதிப்பைக் கழித்துக்கொண்டே செல்கிறது. கழிப்பது கடை விலையிலிருந்தேயாம். ஆயுள் வரி அதிற் சேராது. ஆகையால் நம் உதாரண வண்டி நான்காம் ஆண்டில் 48 இலட்சமாக மதிக்கப்படும். போட்ட முதல் 96 இலட்சம். மதிப்பு அதிற் சரிபாதி. சந்தையில் சில வண்டிகள் இதனினும் மேலாகவும் சில கீழாகவும் விலைபோகும். எனினும் போகும் திசை ஒன்றே. முதல் மூன்றாண்டுகளில் அவ்வண்டி உண்ணும் பெருந்தீனி எண்ணெயன்று. அதன் சொந்தக்காரன் பணமே.

இத்தேய்மானத்தை வேறொருவர் தாங்கிய பின்னர் வண்டியைப் பெறுவதே சான்று பெற்ற பழைய வண்டியின் தத்துவம். அமெரிக்க தேசத்தில் மூன்றாண்டுக் குத்தகை முடிந்து திரும்பிய நல்ல வண்டிகள் மலிந்தபோது, அவற்றைச் சோதித்துச் செப்பனிட்டு உறுதிமொழியுடன் விற்கும் முறை 1990க்குப் பிந்திய ஆண்டுகளில் வேரூன்றியது. இப்போது நம் நாட்டிலும் பி.எம்.டபிள்யூ. பிரீமியம் செலெக்ஷன், மெர்சிடிஸ் பென்ஸ் சர்டிஃபைடு, ஆடி அப்ரூவ்டு பிளஸ் என்னும் பெயர்களால் அம்முறை நடைபெறுகிறது. வரியிலும் இதற்கு ஓர் அனுகூலம் உண்டு. பழைய வண்டியின் முழு விலைக்கும் சரக்கு சேவை வரியில்லை. வியாபாரி பெறும் இலாபத்தின்மேல் மாத்திரம் நூற்றுக்கு 18 விதிக்கப்படுகிறது. அன்றியும், ஆயுள் வரியை முதற் சொந்தக்காரர் முன்னமே செலுத்திவிட்டபடியால், நம் மாகாணத்திற் பதிவான வண்டிக்கு அதனை இரண்டாமவர் மறுபடியும் செலுத்த வேண்டுவதில்லை.

பிற மாகாணத்து வண்டியாயின் நிலைமை வேறு. டில்லியிலும் பெங்களூரிலும் மலிவாகக் கிடைக்கிறதென்று ஓடுவோர் உளர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறொரு மாகாணத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதுப்பதிவு எண் பெறல் வேண்டும். அப்போது வண்டியின் வயதுக்கேற்ற வரியையும் இங்கே கட்ட வேண்டும். அங்கே மிச்சமான இலட்சங்கள் இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் படியேறும்போது கரைந்துவிடும்.

இனிப் பழைய வண்டிக்கு மாறாகச் சொல்லப்படுவனவற்றையும் நடுநிலையோடு நோக்குவோம். யானையின் விலை குறைந்தாலும் தீனி குறையாது என்பது முதல் ஆட்சேபம். இது முற்றிலும் உண்மை. 96 இலட்ச ரூபாய் வண்டியைப் பாதி விலைக்கு வாங்கியவனுக்கு அதன் சக்கரத்தையும், விளக்கையும், காற்று மெத்தையையும் எவரும் பாதி விலைக்குத் தரமாட்டார். ஆகவே, பாதி விலைக்கு வாங்குவோர் முழு விலை வண்டியைப் பராமரிக்கும் சக்தியுடையராதல் வேண்டும். இல்லையேல் அவ்வண்டி வாசலில் நிற்கும் அலங்காரமாகிவிடும். வங்கியார் பழைய வண்டிக் கடனுக்குப் பெரும்பாலும் அதிக வட்டி கேட்பர் என்பது இரண்டாம் ஆட்சேபம். இதுவும் மெய்யே, ஆயினும் கடன் தொகை பாதியாகும்போது, வட்டி விகிதம் ஓரிரண்டு கூடினாலும் செலுத்தும் வட்டி மொத்தத்திற் குறைந்தே நிற்கும்.

மூன்றாம் ஆட்சேபமே மிக முக்கியமானது. சான்று கொடுப்பவர் யார்? விற்பவரே! தம் சரக்குக்குத் தாமே நற்சாட்சி கூறும் வணிகர் வாக்கை எவ்வளவு நம்பலாம்? இதற்கு நாம் கூறும் விடை இதுவே: சான்றிதழைப் படிக்க வேண்டா; அதனுடன் வரும் உத்தரவாதப் பத்திரத்தைப் படியுங்கள். இத்தனை இடங்களைச் சோதித்தோம் என்பது விளம்பரம். இந்த உறுப்புப் பழுதானால் இத்தனை மாதம் வரை எம் செலவில் மாற்றுவோம் என்பதே உடன்படிக்கை. எஞ்சின், கியர், மின்சாரக் கருவிகள் ஆகிய மூன்றும் அதில் அடங்குமா என்று முதலிற் பார்க்க வேண்டும்.

சென்னைவாசிகளுக்கு ஒன்று சிறப்பாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. உயர்ந்த வண்டியின் ஆசனத்துக்கும் தரைவிரிப்புக்கும் அடியிலே மின்கம்பிகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் நிறைந்திருக்கின்றன. நீர் புகுந்த வண்டியை உலர்த்தி மெருகிட்டால் கண்ணுக்குப் புதியதாகத் தோன்றும். ஆறு மாதங் கழித்துத் துரு தன் வேலையைக் காட்டும். ஆகவே, ஆசன இருப்புப் பட்டையைக் கடைசி வரை இழுத்து அதன் அடிப்பாகத்திற் சேற்றுக் கறை உண்டா என்று பார்த்தல், தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தல், கம்பெனிப் பணிமனைக் குறிப்புகளைத் தேதி வாரியாகக் கேட்டல், காப்பீட்டு நஷ்டஈட்டு விவரங்களை விசாரித்தல் ஆகிய இவற்றைச் செய்யாமல் முன்பணம் கொடுத்தலாகாது. வங்கியின் ஈடு நீங்கியதா என்பதையும் பதிவுப் புத்தகத்தில் நோக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குரிய 29, 30ஆம் எண் படிவங்களைக் கையோடு நிறைவேற்றிக் கொள்வதும், பதினான்கு நாளுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றுமாறு எழுதிக் கொடுப்பதும் வாங்குவோர் கடமை.

குத்தகை முறைக்கு வருவோம். இதில் வண்டி நமதன்று. மூன்று அல்லது நான்கு ஆண்டு அனுபவிக்கும் உரிமையே நமது. வண்டியின் இன்றைய விலைக்கும் தவணை முடிவில் எதிர்பார்க்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வட்டியோடு மாதந்தோறும் செலுத்துகிறோம். அமெரிக்காவில் இது பெருவழக்கு. அங்கே 1976ஆம் ஆண்டிலேயே குத்தகைதாரரைக் காக்க ஒரு தனிச் சட்டம் இயற்றினர். ஆண்டுக்கு 10,000 அல்லது 12,000 அல்லது 15,000 மைல் என்று வரம்பிட்டு, மிகுந்த ஒவ்வொரு மைலுக்கும் அபராதம் வாங்குவர். நம் நாட்டில் இம்முறை கம்பெனிகளுக்கும் அவற்றின் உயர்ந்த உத்தியோகஸ்தருக்குமே பெரிதும் பயன்படுகிறது. தொழில் புரிவோர் குத்தகைப் பணத்தைத் தொழிற் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. ஆனால் வண்டிக்கும் குத்தகைக்கும் செலுத்திய சரக்கு சேவை வரியைச் சாதாரணத் தொழில் செய்வோர் வரவு வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை என்பதை மறத்தலாகாது.

குத்தகையின் மெய்யான நன்மை ஒன்றுண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. விலை வீழ்ச்சியின் பயம் குத்தகை கொடுத்தவரையே சாரும். 2025 செப்டம்பரில் வரி ஏறத்தாழ நூற்றுக்கு 50லிருந்து 40க்கு இறங்கியபோது, அதற்கு முந்திய மாதம் முழு விலை கொடுத்தவர் வண்டியின் மதிப்பு ஒரே நாளில் இறங்கிற்று. குத்தகைதாரருக்கோ அக்கவலை இல்லை. ஆயினும் இந்நன்மைக்கு அவர் கொடுக்கும் விலை பெரிது. மூன்றாண்டு முடிந்தபின் பணமும் போயிருக்கும், வண்டியும் போயிருக்கும், சுகத்தில் ஊறிய பழக்கம் மட்டும் நிற்கும். அப்பழக்கமே அடுத்த குத்தகைக்கு அவரை இழுத்துச் செல்லும்.

கடனைப் பற்றியும் ஒரு சொல். 60 இலட்சம் ரூபாயை நூற்றுக்கு 9 வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 1,24,500 ரூபாய். மொத்த வட்டி 14 இலட்சத்து 73 ஆயிரம். அதையே ஏழாண்டாக நீட்டினால் தவணை 96,500 ஆகக் குறையும். வட்டியோ 21 இலட்சத்தைத் தாண்டும். விற்பனையாளர் தவணையைச் சொல்வார்; வட்டியைச் சொல்லமாட்டார். தவணையை நோக்கி வாங்குபவன் வண்டியை வாங்கவில்லை, கடனையே வாங்குகிறான்.

எனவே நம் தீர்ப்பு யாதெனில்: பத்தாண்டு அதே வண்டியை வைத்து ஓட்டும் உறுதியும், பெரும்பகுதியைக் கைப்பணமாகக் கொடுக்கும் வசதியும் உடையோர் புதிய வண்டியை வாங்கலாம், நெடுங்காலத்தில் தேய்மானம் பரவிவிடும். கம்பெனியே செலவேற்கும் உத்தியோகஸ்தரும், கணக்குப் பரிசோதகரைக் கலந்து வரிப்பயன் உண்டென்று உறுதிசெய்துகொண்ட தொழிலாளரும் குத்தகைக்கு எடுக்கலாம். ஏனையோர், உண்மையாகவே இத்தகைய வண்டி வேண்டுமாயின், நம் மாகாணத்திற் பதிவாகி, மூன்றாண்டு ஓடி, பணிமனைக் குறிப்பு முழுதும் உள்ள, எழுத்து மூலமான உத்தரவாதம் பெற்ற வண்டியையே தேடுக. அதனைப் பாதி விலைக்கு வாங்குவது கருமித்தனமன்று, கணக்கறிவு.

அவ்வாறு வாங்கவும் கைப்பொருள் போதாதோர் செய்ய வேண்டியது என்ன? சிறிய வண்டி ஒன்று வாங்குவதே. நம் பெற்றோரிற் பலர் நகையையும் நிலத்தையும் ஈடு வைத்து நம்மைப் படிக்க வைத்தனர். அவர்கள் மீட்ட நிலத்தை ஒரு வண்டிக்காக மறுபடியும் ஈடு வைப்பது, நாம் கற்ற கல்விக்கும் அவர்கள் பட்ட பாட்டுக்கும் அழகன்று. பழைய மாணவர் தினத்துக்குப் பேருந்தில் வந்து இறங்குபவரும் நம்மவரே. அவருக்கும் பெருவண்டியில் வருபவருக்கும் ஒரே வரிசையில் நாற்காலி போட்டிருப்பதை நம் இளைஞர் கவனிப்பாராக.