நிறங்கண்டு இனம் கூறலாமோ?

சருகு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த வில்வாற்பூச்சிகளைப் புட்டியில் அடைத்து அனுப்பும்போது, சீட்டில் இனப்பெயரையும் எழுதிவிட வேண்டும் என்னும் ஆர்வம் களப் பணியாளரிடையே காணப்படுகின்றது. ஆர்வம் போற்றத்தக்கதே. ஆயினும் இவ்வுயிர்களைப் பொறுத்தவரையில், களத்தில் பேரினப் பெயரோடு நின்றுவிடுவதே முறை என்பது எமது கருத்து.

இவை பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. வயிற்றின் அடியில் மடிந்து கிடக்கும் கவை போன்ற உறுப்பு, கொக்கியினின்று விடுபடுங்கால் நிலத்தை உதைத்து உடலை மேலே எறிகின்றது. (இன்றைய வகைப்பாட்டில் இவை பூச்சிகளினின்று வேறான தனி வகுப்பாகும், பழகிய பெயரை அதற்காக விட வேண்டுவதில்லை.)

போல்சோமியா என்னும் பேரினத்தை நோக்குவோம். வயிற்றின் கடைசி மூன்று கண்டங்களும் ஒன்றாய் இணைந்திருப்பது இதன் அடையாளம். இதில் கான்டிடா என்பது ஓர் இனம். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு வெண்மை என்பது பொருள். வெண்ணிறமும் கண்ணின்மையும் கண்டவுடன் கான்டிடா என எழுதிவிடுவோர் உளர். ஆனால் பிமெட்டாரியா என்னும் இனமும் வெண்மையே. அதற்கும் கண் இல்லை. இரண்டையும் பிரித்தறிய, உடலை லாக்டிக் அமிலத்தில் தெளிவாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, கவையின் அடிப்பகுதியில் மயிர்கள் எத்தனை, எங்கெங்கே என நுண்ணோக்கியில் எண்ண வேண்டும்.

இது வீண் நுணுக்கமன்று. நச்சுப்பொருள் கலந்த மண்ணைச் சோதிக்க இவ்விரண்டு இனங்களும் பயன்படுகின்றன. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2009-இல் வெளியிட்ட 232-ஆம் எண் சோதனை நெறியின்படி கான்டிடாவிற்கு 28 நாள், பிமெட்டாரியாவிற்கு 21 நாள். கான்டிடா ஆணின்றியே பெருகுவது. ஆதலால் 9 முதல் 12 நாள் வயதுள்ள இளம் உயிர்கள் பத்தினை இட்டால் போதும். பிமெட்டாரியாவிற்கோ முதிர்ந்த ஆண் பத்தும் பெண் பத்தும் வேண்டும். பிமெட்டாரியாவைக் கான்டிடா எனக் கருதி இளம் உயிர்கள் பத்தை இட்டால், அவற்றுள் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதே தெரியாது. பிறந்த குஞ்சுகளை எண்ணி மண்ணைப் பற்றி என்ன கூறவியலும்?

இதனால் நிறம் பயனற்றது என்று கொள்ளலாகாது. அவ்வாறு முற்றும் ஒதுக்குவதும் தவறே. லெபிடோசிர்டஸ் முதலியவற்றில் நிறக்கோலத்தால் பிரித்தறியத்தக்க இனங்கள் உண்டு என்பது ஜப்பானிய அறிஞர் யோசியின் கருத்து. புவர்ட்டோ ரிக்கோ தீவின் மாதிரிகளை மரபணு வழியில் ஆராய்ந்து 2002-இல் வெளியான கட்டுரை அக்கருத்தை உறுதிப்படுத்திற்று.

களப் பணியாளரின் இன்றியமையாமை இங்கேதான் உள்ளது. ஆல்கஹாலில் நிறம் நாளடைவில் மங்கும். செதில்கள் கையாளும்போதே உதிரும். உயிருடன் இருந்த நிறத்தைக் கண்டவர் அவர் ஒருவரே. எந்தக் கண்டத்தில் எந்நிறப் பட்டை என்பதை அவர் அன்றே குறிக்காவிடில், பின்னர் எந்த நுண்ணோக்கியாலும் அதை மீட்க இயலாது. இளையவை வெளிறியிருக்கும் என்பதையும், முதிர்ந்த பின்னரும் இவை தோலுரிக்கும் என்பதையும் நினைவிற் கொண்டு, ஒரே இடத்தில் கிடைத்த வெளிறியவற்றையும் கருத்தவற்றையும் சேர்த்தே அனுப்புதல் நன்று. சில மாதிரிகளையேனும் மரபணு ஆய்வுக்கென 95 விழுக்காட்டு ஆல்கஹாலில் இட வேண்டும். இடம், நாள், மண்ணின் ஆழம் இவற்றை எழுதி, இனப்பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விடலாம். ஏ. டி. இம்ஸ் இந்தியா, பர்மா, இலங்கை நாடுகளின் வில்வாற்பூச்சிகளைப் பற்றி 1912-இல் எழுதிய காலத்தில் மயிரமைப்பு இன்றுபோல் விரிவாக வரையப்படவில்லை. அத்தகைய பழைய பெயரை இன்றைய மாதிரிக்குப் பொருத்துவது வல்லுநர்க்கே கடினம்.

கையேடுகளைத் தமிழாக்குவோர்க்கும் ஒரு சொல். மயிர், முள், செதில் மூன்றும் இனங்காணும் அட்டவணையில் வெவ்வேறு அடையாளங்கள். எல்லாவற்றையும் மயிர் என்றே எழுதிய கையேட்டால் எவரும் இனங்காண முடியாது. அழகு கருதி ஒரே உறுப்பைப் பக்கத்திற்கொரு சொல்லால் வழங்குவதும் இங்கே குற்றமாகும்.

ஆசிரியர்கள் கைலென்சு கொண்டு கவையையும் உணர்கொம்பையும் மாணவர்க்குக் காட்டலாம். ஒரே புட்டியில் உள்ளவற்றுள் வேறுபட்டனவாகத் தோன்றுவனவற்றை அவர்கள் பிரித்து வைத்து, எதைக் கண்டு பிரித்தனர் என்று எழுதட்டும். பெயர் எழுதுமாறு கேட்க வேண்டுவதில்லை.