பசிபிக் சூடேறினால் கடைமடை காய வேண்டுமா?

கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் மேட்டூரைக் கேட்கிறோம். மேட்டூர் வறண்டால் கர்நாடகத்தைக் கேட்கிறோம். கேட்பது நமது உரிமை, விடப்போவதில்லை. ஆனால் அணை வறள்வதற்குப் பல மாதம் முன்பே, கடல் எச்சரிக்கை தந்துவிடுகிறது. அதைக் கேட்டும் கேளாதார்போல் இருக்கிறார்களே ஆட்சியாளர்கள், அதைப்பற்றித்தான் இன்று நாம் பேசுகிறோம்.

பசிபிக் மாகடலின் நடுவும் கிழக்கும் சில ஆண்டுகளுக்கொரு முறை வழக்கத்தை மீறிச் சூடேறும். எல் நினோ என்பது அதுதான். மழைமேகம் திரளும் இடம் அந்தச் சூட்டின் பக்கம் நகர்ந்துவிடும். நமது தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மெலியும். குடகில் மழை குறைந்தால் காவிரி எப்படிப் பெருகும்? இருபது முப்பது ஆண்டு நீளும் சுழற்சியும் பசிபிக்கில் உண்டு. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் வறட்சி கடுமையாகும் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

இது நேற்றுப் பிறந்த செய்தியல்ல. 1876-78 தாது வருஷப் பஞ்சம் இலட்சோப இலட்சம் மக்களைக் கொன்றதே, அதன் பின்னணியிலும் இந்தக் கடற்சூடு இருந்தது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பசிபிக்கிலும் இந்துமாக்கடலிலும் காற்றழுத்தம் தராசுத் தட்டுபோல் ஏறி இறங்குவதைக் கண்டு சொன்னார். நூறாண்டாகத் தெரிந்த பாடம் இது.

பாடத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. தென்மேற்கை மெலியவைக்கும் எல் நினோ, வடகிழக்குப் பருவமழையைப் பல முறை கூட்டிவிடுகிறது. 2023ஐப் பாருங்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தது. உழவர்கள் நம்பிக் குறுவை நட்டார்கள். 1901க்குப் பின் நாடு காணாத வறண்ட ஆகஸ்டு வந்தது. குறுவை கருகிற்று. அதே ஆண்டு டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று! எல் நினோ ஓய்ந்த 2016லோ காவிரியும் குறைந்தது, வடகிழக்குப் பருவமழையும் 62 விழுக்காடு குறைந்தது.

கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கோடியில், பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது அதிராம்பட்டினம். ஆறு குறைந்தால் முதலில் காய்வது இந்தப் பக்கத்து வயல். மழை மிஞ்சினால், மேல்மடை வெள்ளமும் கடலுக்குப் போகும் வழியில் இங்கேதான் தேங்கும். இரண்டு அடியும் ஒரே முதுகில்!

பற்றாக்குறை ஆண்டில் விகிதப்படி குறைத்துப் பகிர வேண்டும் என்றது நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பிலிகுண்டுலுவில் நமக்கு 177.25 டி.எம்.சி. என்றது 2018இல் உச்சநீதிமன்றம். மேலாண்மை ஆணையமும் வந்தது. ஆயினும் 2023இல் நடந்ததென்ன? இரு தரப்பும் முன்னதாக ஒப்பிய வாய்பாடு இல்லை. பயிர் வாடும்போது, பதினைந்து நாளுக்கு விநாடிக்கு 5,000 கனஅடி என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

“கணிப்பு பொய்க்காதா?” என்று கேட்பார்கள். பொய்க்கும். 1997இல் பெரிய எல் நினோ. ஆயினும் நாட்டின் பருவமழை குறையவில்லை. அதனால்தான் இரு நிலைமைக்கும் திட்டம் வேண்டும் என்கிறோம். பருவமழை முன்கணிப்பு ஏப்ரலில் வருகிறது. மே மாதத்துக்குள் ஆணையம் கூடி, வறண்டால் எந்த மாதம் எவ்வளவு என்று எழுதிவைக்கட்டும். குறுவைக்கு உறுதி உண்டா இல்லையா என்பதை நாற்று விடுமுன் அரசு சொல்லட்டும். அக்டோபருக்குள் ஏரிகளையும் வடிகால்களையும் தூர் வாரட்டும்.

இன்னொன்று. பயிர் கருகினால் ஏக்கர் கணக்கில் நிவாரணம் பேசுகிறார்கள். ஏக்கரே இல்லாத நடவாளுக்கும் அறுப்பாளுக்கும் என்ன கணக்கு? அவர்கள் இழந்த கூலி நாட்களையும் எண்ணித் தரவேண்டும்.

தோழர்களே, கடல் சூடேறுவதை எந்த ஆட்சியும் தடுக்க முடியாது. தெரிந்த ஆபத்துக்கு முன்னேற்பாடு செய்வது ஆட்சியின் கடமை. மே மாதம் வருமுன் கிளைதோறும் இதைப் பேசுங்கள். தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.